வாசனை வந்தால் கவலைப்படுங்கள்

தோட்டக்கலைத் துறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு முதலில் என் அனுதாபங்கள், பிறகு வாழ்த்துகள். வரிசையை மாற்றிச் சொல்லிவிட்டேன் என்று நினைக்காதீர்கள். பூந்தமல்லி, ஆவடி வட்டாரத்திலேயே என் உத்தியோகத்தின் பெரும்பகுதியைக் கழித்துவிட்டு ஓய்வு பெற்றவள் நான். வரிசையெல்லாம் தெரிந்துதான் சொல்கிறேன்.

உங்களுக்குப் பயிற்சியில் செடிக்கு வரும் நோய்களை எல்லாம் படம் போட்டுக் காட்டியிருப்பார்கள். செடி நன்றாக இருந்து, பூவும் நன்றாகப் பூத்து, வாங்க மட்டும் ஆள் இல்லாமல் போகிற நோய்க்குப் படம் இல்லை. நம் துறைப் படிவத்தில் அதற்கு இடமும் இல்லை. வெள்ளத்தில் மூழ்கியதா, பூச்சி தின்றதா, வெயிலில் காய்ந்ததா என்று கேட்பார்கள். 'எல்லாம் சௌக்கியம், ஆனால் விவசாயி மட்டும் செத்துக்கொண்டிருக்கிறார்' என்று எழுத ஒரு கட்டம் கிடையாது. நான் சொல்லப் போவது அந்த மாதிரி ஒரு விவசாயியைப் பற்றித்தான்.

அதற்கு முன்னால் என் குருநாதரைப் பற்றி ஒரு வார்த்தை. பெயர் வேண்டாம். முதல் வேலையில் எனக்கு மேலே இருந்த அலுவலர். அவர் வயலுக்குப் போய் நான் பார்த்ததில்லை. வயல் அவரைத் தேடி வந்தால் உட்காரச் சொல்லி டீ வாங்கிக் கொடுப்பார், அவ்வளவுதான். ஆனால் மேலதிகாரிகளைக் கையாளுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. "பெரியவர் தப்பாச் சொன்னா திருத்தாதேம்மா" என்பார். "திருத்தினா அதையே பிடிச்சுக்குவார். அவர் வாயாலயே கேள்வியைக் கேட்க வை. அப்புறம் பதிலும் அவருதுன்னு நினைச்சுக்குவார்." இந்த அபாரமான தத்துவத்தை வைத்து அவர் சாதித்தது விரும்பிய ஊருக்கு மாறுதல், விரும்பிய மாதத்தில் விடுப்பு, பெண் கல்யாணத்துக்கு ஆபீஸ் ஜீப். நானும் பல வருடம் இதை அற்பமான தந்திரம் என்றுதான் நினைத்திருந்தேன். பிறகு ஒரு நாள் அதுதான் கை கொடுத்தது.

திருநின்றவூர் ஏரிக்குப் பின்புறம் தேவகி என்று ஒருத்தி. மல்லித் தோட்டக்காரி. கணவர் காலை ரயில் பிடித்து அம்பத்தூர் லேத் பட்டறைக்குப் போய்விடுவார். தோட்டம் முழுக்க இவள் பொறுப்பு. செடி வைத்து, களை எடுத்து, நல்ல விளைச்சலுக்குக் கொண்டுவரவே பல வருடம் ஆகியிருந்தது. அவள் மொட்டு எல்லாம் பூந்தமல்லியில் ஒரு பேக்கிங் கூடத்துக்குப் போகும். அங்கே கட்டி, ஐஸ் வைத்து, தெர்மாகோல் பெட்டியில் அடைத்து விமானத்தில் ஏற்றுவார்கள். மறுநாள் அமெரிக்காவிலோ வளைகுடாவிலோ யாரோ ஒரு நம்ம ஊர்ப் பெண் தலையில் அது இருக்கும். தேவகி திருப்பதியைத் தாண்டிப் போனதில்லை. அவள் பூ மட்டும் உலகம் சுற்றிக்கொண்டிருந்தது.

அப்புறம் கடலுக்கு அந்தப் பக்கம் வரியை ஏற்றினார்கள். இந்தப் பக்கம் விமானச் சரக்குக் கூலி ஏறியது. பேக்கிங் கூடத்துக்காரர் முதலில் பாதிப் பூ போதும் என்றார், பிறகு கால்வாசி என்றார், கடைசியில் போனை எடுப்பதையே நிறுத்திவிட்டார். எல்லோரும் ஒரே நேரத்தில் கோயம்பேட்டுக்குப் பூவைக் கொண்டுபோய்க் கொட்டினால் அங்கே என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். பறிக்கிற கூலிக்குக்கூடக் கட்டவில்லை. தோட்டத்தில் பாதியைப் பறிக்காமலே விட்டுவிட்டாள்.

இங்கே ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் மற்றது புரியாது. மல்லியை மொட்டாகத்தான் பறிக்க வேண்டும், அதுவும் விடியற்காலையில். மலர்ந்துவிட்டால் விற்பனைக்கு ஆகாது. ஆகவே நன்றாக ஓடுகிற மல்லித் தோட்டம் சாயங்காலம் வெறும் பச்சையாக இருக்கும், வாசனையே இருக்காது. சாயங்காலம் ஒரு தோட்டம் வெள்ளையாகப் பூத்து ஊரெல்லாம் மணக்கிறது என்றால் அங்கே விற்காத பூ நிற்கிறது என்று பொருள். தேவகியின் தோட்டம் அப்போது தினமும் மணந்துகொண்டிருந்தது. அவள் வேலியை ஒட்டி மனைப் பிரிவுக்காரர்கள் கலர் கொடி நட்டு, கல் ஊன்றி முடித்திருந்தார்கள். செடியை வெட்டிவிடுகிற இந்தக் கவாத்துப் பருவத்துக்குள் ஏதாவது வழி பிறக்காவிட்டால் செடியைப் பிடுங்கிவிட்டு நிலத்தை மனைக்காரரிடம் கொடுத்துவிடலாம் என்று கணவர் சொல்லிவிட்டார். தேவகிக்கு அதில் இஷ்டமில்லை. கிராமத்து மண், பூர்வீகம் என்றெல்லாம் அவள் வசனம் பேசவில்லை. "நெலத்த குட்துட்டு நான் இன்னா மேடம் பண்ணுவேன், டிவி பாப்பனா?" என்று கேட்டாள். எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது.

இந்த நேரத்தில்தான் அரசு விழித்துக்கொண்டது. கிண்டல் செய்கிறேன் என்று நினைக்காதீர்கள், உண்மையாகவே விழித்துக்கொண்டது. ஏற்றுமதி சரிந்து பாதிக்கப்பட்ட பயிர் விவசாயிகளுக்கு உதவி என்று அறிவித்தார்கள். கவாத்துக்கும் பராமரிப்புக்கும் உதவி உண்டு, உள்ளூரிலேயே வாங்குபவர்களைப் பிடித்துத் தருவதும் உண்டு. நல்ல திட்டம். ஒரே ஒரு நிபந்தனை, தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு குழு நேரில் வந்து பாதிப்பைக் கண்ணால் பார்க்க வேண்டும். பாதிப்பு என்பது கண்ணுக்குத் தெரிகிற பொருள் என்று நம் துறையில் யாரோ முடிவு செய்துவிட்டார்கள்.

எனக்கு அதிலும் கவலை இருக்கவில்லை. இரண்டு நாள் முன்பு போய்ப் பார்த்திருந்தேன். செடிக்கு அடியில் அழுகிப் பழுப்பேறிய பூ, காலை வைத்தால் வழுக்கும் அளவுக்குக் கிடந்தது. நாற்றம் குடலைப் புரட்டியது. பிரமாதம் என்று நினைத்துக்கொண்டேன். "தேவகி, அவங்க கண்ணால பார்த்தா போதும்" என்று சொல்லிவிட்டு வந்தேன். அதற்கு மேல் எதுவும் சொல்லாமல் வந்ததை நினைத்தால் இன்றைக்கும் என் தலையிலேயே குட்டிக்கொள்ளத் தோன்றுகிறது.

குழு காலையில் வருவதாக ஏற்பாடு. வந்தது சாயங்காலம். நடுவில் ஒரு கூட்டம், ஒரு மதியச் சாப்பாடு, நூம்பல் பக்கம் ஒரு போக்குவரத்து நெரிசல். குழுத் தலைவரோடு தலையாட்ட இரண்டு பேர், ஆக இரண்டு கார். பூந்தமல்லியிலிருந்து வழிகாட்டியாக நான் முன் காரில் ஏறிக்கொண்டேன். ஏரியைத் தாண்டித் திரும்பியதும் கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தேன்.

தோட்டத்து வாசலில் ஆர்ச் கட்டியிருந்தார்கள், அதுவும் முழுக்க மல்லியில். ஆர்ச்சிலிருந்து தோட்டம் வரை இரண்டு பக்கமும் பூச்சரம் தொங்கியது. நடுவில் கோலம், கோலத்துக்கு நடுவே 'நல்வரவு' என்று பூவிலேயே எழுத்து. கஷ்டத்தைப் பார்க்க வரச் சொன்ன இடத்தில் கல்யாண ரிசப்ஷனுக்கு வந்து இறங்கிய மாதிரி இருந்தது. மேளம் மட்டும்தான் குறை. அதற்கும் சொல்லியிருந்தார்களாம், மேளக்காரர் வேறு வேலையாகப் போய்விட்டார் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

தேவகியின் கொழுந்தன் ஏகாம்பரம் ஓடி வந்து, கை பருமனுக்குக் கட்டிய மாலையைக் குழுத் தலைவர் கழுத்தில் போட்டான். அவர் முகம் பாதி மறைந்துபோனது. தலையாட்டுகிறவர்களுக்கும் ஆளுக்கு ஒன்று. எனக்கும் ஒன்று. நான் மாலையோடு தேவகியை ஓரமாக இழுத்துக்கொண்டு போனேன்.

"என்ன தேவகி இது?"

"பெரிய ஆபீசர் வராருன்னு ஏகாம்பரம்தான் செஞ்சான். நல்லா கீதுல்ல மேடம்?"

"கீழே கிடந்த அழுகல் பூ எங்கே?"

"ஊட்டுக்கு நாலு பேரு வராங்கன்னா குப்பைய அப்டியே போட்டு வெப்பாங்களா மேடம்? காலீல இருந்து கூட்டிக்கினு கீறோம். குழி வெட்டி உள்ள தள்ளி மூடியாச்சு. மேல ப்ளீச்சிங் பவுடரும் போட்டுட்டோம், நாத்தம் வரக் கூடாதுல்ல?"

அவள் முகத்தில் அத்தனை பெருமை. வீட்டுக்கு விருந்தாளி வந்தால் பெருக்கித் துடைத்துக் கோலம் போடுகிறவர்களிடம், அரசு மட்டும் வந்தால் குப்பையைப் பரப்பி வையுங்கள் என்று யாராவது சொல்லிக் கொடுத்தோமா? பூக்காரர்கள் மரியாதை செய்ய நினைத்தால் பூவால்தான் செய்வார்கள், வேறெதை வைத்துச் செய்வார்கள்? தவறு அவர்களுடையது என்றால் அது நல்ல வளர்ப்பால் வந்த தவறு.

இதற்குள் பொழுது இறங்கிவிட்டது. நாம் வேண்டாம் என்றாலும் மல்லி தன் வேலையைச் செய்யும். பறிக்காமல் விட்ட மொட்டெல்லாம் எங்கள் கண் எதிரிலேயே மலர ஆரம்பித்தது. தோட்டம் முழுக்க வெள்ளை. வாசனை அலை அலையாக வந்து முகத்தில் மோதியது. குழுத் தலைவர் மாலைக்குள்ளிருந்து மூச்சை நன்றாக இழுத்தார்.

"ஆஹா!" என்றார். "என்னம்மா இது, சொர்க்கம் மாதிரி இருக்கே!"

தலையாட்டுகிறவர்கள் இரண்டு பேரும் மூச்சை இழுத்துத் தலையாட்டினார்கள். அவர் சுற்றிப் பார்த்தார். சுத்தமான பாத்தி, ஆரோக்கியமான செடி, கொத்துக் கொத்தாகப் பூ. என் பக்கம் திரும்பினார். குரலில் கோபம் இல்லை. ஏமாற்ற முயன்ற பிள்ளையை மன்னிக்கிற பெரியவரின் கனிவு இருந்தது. எனக்கு அதுதான் எரிச்சலாக இருந்தது.

"இதுதான் நீங்க சொன்ன பாதிப்பா மேடம்?" என்றவர், தலையாட்டுகிறவர்களில் ஒருவரான உதவியாளரிடம் அறிக்கையைச் சொல்ல ஆரம்பித்தார். "பயிர் செழிப்பாக உள்ளது. பூப்பு மிக நன்று. விவசாயிகள் உற்சாகமாகக் காணப்படுகிறார்கள். இப்பகுதியில் பாதிப்பு எதுவும்…"

இந்த இடத்தில்தான் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று கேட்க விரும்புகிறேன். அந்த வாக்கியம் முடிந்து கையெழுத்து விழுந்தால் ஊரே உதவிப் பட்டியலில் இருந்து போய்விடும். மறு வாரம் தேவகியின் செடிகள் வேரோடு கிடக்கும். 'சார், வாசனை வந்தாலே கஷ்டம் என்று அர்த்தம்' என்று நான் வாயெடுத்தால், தோட்டக்கலையில் பட்டம் வாங்கிய மனிதருக்குத் தலையாட்டிகள் முன்னால் பாடம் எடுத்தது போலாகும். சொன்னதையே அழுத்தமாக இன்னொரு தடவை சொல்லி எழுத வைப்பார். ஏகாம்பரத்தை விட்டு அழச் சொல்லலாம், அவனும் நன்றாக அழுவான். ஆனால் இவ்வளவு பெரிய ஆர்ச்சைக் கட்டியவன் அழுதால் யார் நம்புவார்கள்? எனக்கோ ஓய்வு பெறச் சில மாதம்தான் பாக்கி. பேசாமல் இருந்தால் பென்ஷன் பத்திரமாக வந்து சேரும் என்பதும் மனதில் ஓடாமல் இல்லை. பயமாகத்தான் இருந்தது. பயத்தில் என் குருநாதரின் முகம் ஞாபகம் வந்தது. டீ கிளாஸோடுதான் வந்தது.

நான் சிரித்தேன். "சார், இவ்வளவு தூரம் வந்துட்டு வெறுங்கையோடவா போவீங்க? வீட்டுல அம்மாவுக்குக் கொஞ்சம் பூ எடுத்துட்டுப் போங்களேன்."

பாதி வாக்கியம் அப்படியே நின்றது. மனைவிக்குப் பூ என்றால் எந்த அறிக்கையும் கொஞ்ச நேரம் காத்திருக்கும். "சரி, ஒரு நாலு முழம் குடுங்க" என்றார் பெருந்தன்மையாக.

"தேவகி, காலையில பறிச்ச பூ எங்கே?"

பேக்கிங் கூடம் அன்றைக்கு ஒருவேளை எடுத்துக்கொள்ளும் என்ற நப்பாசையில் காலையில் பாதித் தோட்டத்தைப் பறித்திருந்தாள். கூடம் அப்படியே திருப்பி அனுப்பியது. ஆர்ச்சுக்கும் மாலைக்கும் போக மிச்சம் மூட்டை மூட்டையாக, ஈரக் கோணி போர்த்திக் கொட்டகையில் கிடந்தது.

"கெடக்குது மேடம். எவ்ளோ குடுக்கட்டும்?"

"எல்லாம்."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் கண்ணைக் காட்டினேன். புரிந்ததா தெரியவில்லை. ஆனால் தேவகி கேள்வி கேட்டு நேரத்தை வீணாக்குகிறவள் இல்லை. "ஏய் ஏகாம்பரம், சாரு வண்டில ஏத்து" என்றாள்.

முதல் மூட்டை வந்தபோது குழுத் தலைவர் சிரித்தார். இரண்டாவது வந்தபோது, "பரவாயில்லம்மா, போதும்" என்றார். "இருக்கட்டும் சார், ஆசையா குடுக்கறாங்க" என்றேன் நான். முன் கார் டிக்கி நிறைந்தது. பின் கார் டிக்கி நிறைந்தது. ஏகாம்பரம் தன் வாழ்க்கையில் இவ்வளவு உற்சாகமாக மூட்டை தூக்கியிருக்க மாட்டான். பின் சீட்டில் ஏற்றினான். தலையாட்டுகிறவர்கள் உட்கார வேண்டிய இடம் அது. அவர்கள் தலையாட்டுவதை நிறுத்திவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"சார், கதவு மூட மாட்டேங்குது" என்றார் டிரைவர்.

ஏகாம்பரம் கொட்டகையிலிருந்து இன்னொரு மூட்டையோடு வந்துகொண்டிருந்தான். குழுத் தலைவருக்குப் பொறுமை போய்விட்டது. மாலையைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு கத்தினார்.

"அட நிறுத்துங்கம்மா! இவ்வளவு பூவை வெச்சுக்கிட்டு நான் என்ன செய்யறது?"

தேவகி அவரை நேராகப் பார்த்தாள். அவள் நடிக்கவில்லை, திட்டம் போட்டும் சொல்லவில்லை. அவளுக்கு நிஜமாகவே ஆத்திரம் வந்திருந்தது.

"அத்தத்தான் சார் நானும் டெய்லி கேட்டுக்கினு கீறேன்."

டிரைவர் கதவை விட்டுவிட்டார், அது தானாகத் திறந்துகொண்டது. குழுத் தலைவர் மூட்டைகளைப் பார்த்தார், பிறகு தோட்டத்தைப் பார்த்தார். வெள்ளை வெளேரென்று நின்ற தோட்டத்தை அவர் இரண்டாவது தடவை பார்த்த பார்வை வேறு மாதிரி இருந்தது.

"இதெல்லாம்… பறிக்க வேண்டியதா?" என்று கேட்டார்.

"ஆமா சார்" என்றேன். "நேத்தைக்கு மலர்ந்தது குழிக்குள்ள இருக்கு. நாளைக்கு இது."

"எங்க குழி?"

தேவகி காட்டினாள். போய்ப் பார்த்தார். ஏகாம்பரம் மண்வெட்டியால் மேல் மண்ணைக் கொஞ்சம் தள்ளினான். ப்ளீச்சிங் பவுடரும் அழுகின மல்லியும் கலந்து ஒரு வாசனை வந்தது. அதை நான் வர்ணிக்கப் போவதில்லை. கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பி வந்தவர், உதவியாளரிடம், "கடைசியா சொன்னதை அடிச்சிடு" என்றார். பிறகு என்னிடம், "நான் வரும்போதே ஒரு சந்தேகம் இருந்தது மேடம். இவ்வளவு பூ எப்படி இருக்கும்னு" என்றார். குருநாதர் சொன்னது சரிதான், பதிலும் அவருடையதாகிவிட்டது. நான் பவ்யமாகத் தலையாட்டினேன். அந்த நேரத்துக்குத் தலையாட்ட வேறு ஆள் தயாராக இல்லை.

பூவை அவர் திருப்பித் தரவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். தலையாட்டுகிறவர்கள் மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு போனார்கள். மறுநாள் அவரே போன் செய்தார். அடுக்குமாடியில் எல்லா வீட்டுக்கும் கொடுத்தும் தீரவில்லையாம், கோயிலில் போதும் என்று சொல்லிவிட்டார்களாம், காரில் ஏறினால் தலைவலிக்கிறதாம். ஒரு நாள் பூவுக்கே இப்படி என்றார். அந்த மனிதர் மேல் எனக்கு அப்போதுதான் முதல் முறையாகப் பிரியம் வந்தது.

ஊர் பட்டியலில் சேர்ந்தது. அரசு உதவி வந்தது. முதலில் வந்த உதவி என்ன தெரியுமா? ஏற்றுமதித் தரத்தில் பூவை பேக்கிங் செய்வது எப்படி என்று ஒரு நாள் பயிற்சி முகாம். ஏற்றுமதி நின்றுபோனதற்கு மருந்து. தேவகி போய் உட்கார்ந்து, டீயும் பிஸ்கட்டும் சாப்பிட்டு, இலவசமாகக் கொடுத்த தெர்மாகோல் பெட்டியை வாங்கிக்கொண்டு வந்தாள். அதில் கோழிக்குஞ்சு வளர்த்தாள். விமானத்துக்காகச் செய்த பெட்டி, குஞ்சுகள் சூடாக, சௌகரியமாக இருந்தன.

ஆனால் உண்மையான உதவியும் பின்னாலேயே வந்து சேர்ந்தது. அதைச் சொல்லாமல் கிண்டல் மட்டும் செய்துவிட்டுப் போனால் அது அயோக்கியத்தனம். கவாத்துக்கு உதவி கிடைத்தது. தோட்டத்தில் ஒரு பகுதியை முன்கூட்டியே வெட்டிவிட்டு, பூவுக்குக் கிராக்கியான பனிக்காலத்தில் பூக்கும்படி செய்தாள். மிச்சப் பூவை எடுக்க ஒரு சென்ட் ஆலையின் வண்டி தினமும் காலையில் ஏரிக்கரை வரை வர ஏற்பாடானது. வெளிநாட்டு விலை இல்லை. ஆனால் குழி வெட்ட வேண்டிய அவசியமும் இல்லை. மனைக்காரரின் கலர் கொடிகள் வேலிக்கு அந்தப் பக்கமே வெயிலில் வெளுத்துப் போயின.

ஆகவே உங்களுக்கு நான் சொல்ல விரும்புவது ரொம்பச் சின்ன விஷயம். ஆய்வுக்குழு வருகிறது என்றால் முதல் நாளே போய் விவசாயி வீட்டிலிருக்கும் துடைப்பத்தை எல்லாம் வாங்கி ஜீப்பில் போட்டுக்கொண்டு வந்துவிடுங்கள். தப்பான வாக்கியம் எழுதப்படும்போது அதோடு மல்லுக்கு நிற்காதீர்கள், அதை எழுதுகிறவர் கையில் மூட்டையைக் கொடுங்கள். சாயங்காலம் ஒரு தோட்டம் மணந்தால் ஆஹா என்று சொல்வதற்கு முன் யாருக்கு என்ன கஷ்டம் என்று கேளுங்கள்.

ஓய்வு பெற்ற பிறகு ஒரு நாள், திருமுல்லைவாயிலில் வீட்டில் உட்கார்ந்து என் கணவரோடு சண்டை போட விஷயம் தீர்ந்துபோனதால், ரயில் ஏறித் திருநின்றவூருக்குப் போனேன். ஏரியைத் தாண்டும்போது பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. தோட்டத்து வேலி ஓரமாக நின்று மூச்சை இழுத்தேன். ஒன்றும் வரவில்லை. இன்னொரு தடவை இழுத்தேன். மண் வாசனை, கொஞ்சம் எரு வாசனை, அவ்வளவுதான்.

"இன்னா மேடம், வேலிய மோந்து பாத்துக்கினு கீறீங்க?" என்று தேவகி உள்ளிருந்து வந்தாள்.

"வாசனையே இல்லையே தேவகி."

"காலீலயே எல்லாம் பூட்ச்சு மேடம்."

தோட்டம் முழுக்கப் பச்சை. எனக்குக் கண் கலங்கியது. அதை மறைக்க, "சரி, வந்ததுக்கு எனக்கு ஒரு முழமாவது குடு, தலையில வெச்சுக்கிறேன்" என்றேன்.

அவள் கையை விரித்தாள். "ஒரு மொட்டு கூட இல்ல மேடம். வோணும்னா நாளைக்குக் காலீல வண்டி வரதுக்குள்ள வாங்க." திரும்பிப் போகப் போனவள் நின்று சொன்னாள், "வரும்போது துட்டு எட்த்துக்கினு வாங்க."

இத்தனை வருடத்தில் ஒரு பூ விவசாயி என்னிடம் பூ இல்லை என்று சொன்னது அதுதான் முதல் தடவை. வெறும் தலையோடு ரயில் ஏறி, வீடு வரைக்கும் சிரித்துக்கொண்டே வந்தேன்.